பக்கத்துச் சூளையில் கொத்தடிமைகள் இருந்தால் என்ன செய்வது? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் ஜூலை 30, மனிதக் கடத்தலுக்கு எதிரான உலக நாள் வரும்போது நீல இதயம் போட்ட படங்கள் எல்லாப் பக்கமும் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு "நானும் ஏதாவது செய்யணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலகம் முழுக்க நடப்பதை ஒரே கட்டுரையில் சொன்னால் யாருக்கும் எதுவும் பயன்படாது, அதனால் நம் ஊர்ப் பக்கம் நடப்பதையே எடுத்துக்கொள்கிறேன்: முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போடும் கொத்தடிமை முறை. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம், கல் குவாரி, ஆட்டுக்கிடை, வாத்து மேய்ச்சல் என்று இடம் மாறும், கட்டும் கயிறு ஒன்றுதான்.

கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் ஏற்றுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஐ.நா. 2000ல் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறை (இந்தியா 2011ல் அதை ஏற்றது) மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: ஆளைச் சேர்ப்பது அல்லது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, அதற்காக மிரட்டுவது, ஏமாற்றுவது அல்லது ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது, கடைசியில் உழைப்பையோ உடலையோ சுரண்டுவது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் நடுவில் உள்ளதை நிரூபிக்கவே வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2022ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கட்டாய உழைப்பில் மட்டும் 2 கோடியே 76 லட்சம் பேர் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனையோ பேர் தாங்களாகவே பஸ் ஏறிப் போனவர்கள்தான். பசியும் கடனும் ஏற்றிவிட்டன.

சட்டத்தை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976. சின்னச் சட்டம், ஒரு மாலையில் படித்துவிடலாம். இதைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்வேன், ஏனென்றால் நீங்கள் பார்க்கப் போகும் அதிகாரிகளில் சிலரும் இதைப் படித்திருக்க மாட்டார்கள், அப்போது பிரிவைச் சொல்லிப் பேச ஒரு ஆள் வேண்டும்.

சங்கிலி, பூட்டு, சவுக்கு எதுவும் இருக்க வேண்டியதில்லை. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் உழைக்கிறார், அதனால் அவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை, அல்லது வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வர முடியவில்லை, அல்லது விளைவித்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியவில்லை என்றால் அவர் கொத்தடிமை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும். தன் மேல் வழக்கு வந்தால் "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1982ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே அது கடனுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும், மறுப்பவர் நிரூபிக்கட்டும் என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புதிதாக வரும் நல்ல மனசுக்காரர்கள் அடிக்கடி செய்வது. "எவ்வளவு பாக்கி? இருபதாயிரமா? நாங்க நாலு பேரு சேர்ந்து கட்டிடறோம், ஆளை விட்டுடுங்க" என்பார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் ஏற்கெனவே செத்துப்போனது, அதைத் திரும்ப வாங்குவதே 9ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் கட்டினால் அந்த முதலாளி அதே பணத்தை அடுத்த குடும்பத்துக்கு முன்பணமாகக் கொடுப்பார். அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது, இந்த ஆளுக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுப்பது. 1921ல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று ஒரு சூளைக்காரர் இன்னொரு சூளைக்காரரிடம் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறாரே, அதுவும் அதேதான், சீட்டு மட்டும் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது

கடன் எப்படித் தீராமல் நிற்கிறது என்று புரிந்தால்தான் சரியான கேள்வி வரும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் என்னுடையவை, முறை நிஜம். கணவன் மனைவி இருவரும் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குச் செங்கல் அறுக்கப் போகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு அறுநூறு ரூபாய் என்று பேச்சு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மண் மிதித்து, பிள்ளையும் கூட நின்று கல்லைத் திருப்பிப் போட்டு, நாளுக்கு ஆயிரம் கல் அறுத்தால் வாரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வர வேண்டும். கையில் கிடைப்பது செலவுக்கு எண்ணூறு. "மீதியை அட்வான்சில் கழிக்கிறோம்" என்பார்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில், மழையில் கரைந்த கல் இவ்வளவு, உடைந்தது இவ்வளவு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது இவ்வளவு, பொங்கலுக்குக் கொடுத்த புடவை இவ்வளவு என்று வாசித்துவிட்டு, "இன்னும் முப்பத்தைந்தாயிரம் நிக்குது, அடுத்த சீசனுக்கு வந்துருங்க" என்று முடிப்பார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம். எழுதப் படிக்கத் தெரியாதவர் எதை வைத்து மறுப்பார்?

ஆகவே "நீங்க கொத்தடிமையா?" என்று போய்க் கேட்பதில் அர்த்தமே இல்லை. யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், அந்த வார்த்தையே அவர்களுக்கு அவமானம். பெரியவர்களை அண்ணா, அக்கா, அம்மா என்று கூப்பிட்டு, ஊர்க் கதையாகப் பேசுங்கள். கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்? போனபோது எல்லாரும் சேர்ந்து போனீர்களா, யாராவது இங்கேயே இருந்தார்களா? நோட்டு யாரிடம் இருக்கிறது? ஆதார், ரேஷன் கார்டு எங்கே? பக்கத்துச் சூளையில் கூலி கூடக் கொடுத்தால் போவீர்களா? என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சந்தை நாளில் சூளையைக் கவனித்துப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் சாமான் வாங்கப் போவார், மனைவியோ மூத்த பிள்ளையோ பின்னால் இருப்பார்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வேலியே இல்லாத சூளையில் வேலி அந்தப் பிள்ளைதான்.

இதைச் சூளைக்குள் போய்க் கேட்காதீர்கள். டீக்கடை, சந்தை, ரேஷன் கடை, கோயில் திருவிழா, அவர்களுடைய சொந்த ஊர், இவைதான் பேசும் இடங்கள். செங்கல் வாங்குபவர் போல நடித்து உள்ளே போவது, மறைத்துப் படம் எடுப்பது எல்லாம் புதியவர்கள் செய்யக் கூடாதவை. உங்களுக்கு அடி விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள், உங்களோடு பேசியவர் அன்று ராத்திரியும் அங்கேதான் படுக்க வேண்டும். இரவோடு இரவாகக் குடும்பத்தை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் எங்கே தேடுவீர்கள்?

தமிழ்நாட்டில் இதில் மாட்டுபவர்களில் இருளர் மக்கள் அதிகம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டபோது, வயதான ஒருவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது, நீங்களும் பார்த்திருக்கலாம். இன்னொரு கூட்டம் ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே நுவாகாய் பண்டிகையை ஒட்டி சர்தார் எனப்படும் தரகர் முன்பணம் கொடுப்பார், மழை முடிந்ததும் ரயில் ஏறுவார்கள், ஜூன் வாக்கில்தான் திரும்புவார்கள். தமிழ் தெரியாது, போலீஸ் ஸ்டேஷன் எந்தத் திசையில் என்றும் தெரியாது.

மனு எழுதுவது

புகார் யாரிடம் போக வேண்டும் என்பதில்தான் பாதி வெற்றி. இந்தச் சட்டப்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும், அதாவது கலெக்டரும் ஆர்.டி.ஓ.வும். நேரே அவர்களிடம் போங்கள். உள்ளூரில் முதலில் சொன்னால், நீங்கள் வீடு வந்து சேருவதற்குள் சூளைக்காரருக்கு போன் போயிருக்கும். எல்லா வி.ஏ.ஓ.வும் அப்படி என்று சொல்லவில்லை, நல்லவர்களை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரு குடும்பத்தின் உயிரை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நூறு பேர் முன்னால் கொடுக்கவும் வேண்டாம். தனியாக நேரம் கேட்டுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மனுவில் உணர்ச்சி வேண்டாம், விவரம் வேண்டும். இடம் எங்கே (போன் மேப்பில் குறித்த புள்ளியோடு), எத்தனை குடும்பம், எத்தனை பேர், சிறுவர்கள் எத்தனை, சொந்த ஊர் எது, கூட்டிவந்த மேஸ்திரி (ஆள் பிடிக்கும் தரகர்) யார், எப்போது எவ்வளவு முன்பணம், வாரம் கையில் கிடைப்பது எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, வெளியே போக விடுகிறார்களா, அடித்தார்களா, எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் எது. கேள்விப்பட்டதையும் நேரில் பார்த்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். பாதி தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஊதிப் பெருக்கிய ஒரு வரி போதும், மொத்த மனுவும் படுத்துவிடும்.

இது முதல் தடவை என்றால் தனியாகச் செய்யாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும் (15100 என்ற எண்ணில் கேட்கலாம்), கொத்தடிமை மீட்பில் பழகிய அமைப்புகளும் மீண்டு வந்தவர்கள் நடத்தும் சங்கங்களும் வட மாவட்டங்களில் இருக்கின்றன. குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்றால் 1098, யாரையாவது அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் 112, அப்போது மனு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்.

விசாரணை நாளில்

அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கியதும் தொழிலாளர்கள் ஓடி வந்து கதறுவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். "நாங்க நல்லாத்தான் இருக்கோம் சார், மொதலாளி நல்லவரு" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில், முதலாளி பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார், வேறென்ன சொல்வார்கள்? அதனால் முன்கூட்டியே அதிகாரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர்களை அங்கிருந்து அழைத்து வந்து, கோட்டாட்சியர் அலுவலகத்தில் உட்காரவைத்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, ஒவ்வொருவராகத் தனியே கேளுங்கள். பெண்களைப் பெண் அலுவலர் கேட்கட்டும். ஒடியா, தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் என்றால் மொழிபெயர்க்க ஆளைத் தயார் செய்வது உங்கள் வேலை, மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்துவிடக் கூடாது.

சாமான்கள் விஷயம் யாருக்கும் தோன்றாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பானை, துணி, சைக்கிள், போன், நாலு கோழி, ஒரு ஆடு, இவைதான் அவர்களுடைய மொத்தச் சொத்து. ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். விட்டுவிட்டு வந்தால் மறுநாள் அந்த ஆட்டுக்காகத் திரும்பிப் போவார்கள், போனவர் திரும்ப மாட்டார். வண்டி, பால் பவுடர், பிஸ்கட், நாப்கின், மாற்றுத் துணி, இரவு தங்க இடம், இதையெல்லாம் முதல் நாளே பேசி வையுங்கள். பறித்து வைத்திருக்கும் ஆதார், ரேஷன் கார்டுகளைத் தாசில்தாரே கேட்டு வாங்கட்டும்.

படம் எடுக்காதீர்கள். மீட்புக் காட்சியை நேரலையாகப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கிறது.

விடுதலைச் சான்றிதழ்: கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். கோட்டாட்சியரோ ஆட்சியரோ கையெழுத்துப் போட்டுத் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாதவரை, அந்த ஆள் சட்டத்தின் கண்ணில் வேலையை விட்டு வந்தவர், அவ்வளவுதான். கடன் ரத்தானதற்கு அத்தாட்சி அதுதான், மறுவாழ்வுப் பணத்துக்கு வழியும் அதுதான்.

இங்கே ஒரு வழக்கமான சறுக்கல் நடக்கும். "பாவம், கூலிப் பிரச்சினைதான், முதலாளிகிட்ட பேசி ஆளுக்கு ரெண்டாயிரம் வாங்கித் தந்துட்டோம், பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிடறோம்" என்று மாலைக்குள் கதையை முடிக்கப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் களைப்பு, குழந்தைகள் அழும், சரி விடுங்கள் என்று உங்களுக்கே தோன்றும். விடாதீர்கள். வாக்குமூலத்தில் முன்பணமும் தடுத்து வைத்ததும் பதிவாகியிருக்கிறது, 2ஆம் பிரிவின்படி இது கொத்தடிமை, சான்றிதழ் தாருங்கள் என்று மரியாதையாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள். கணவனுக்கு மட்டும் கொடுத்து மனைவியை விட்டுவிடுவார்கள், வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். பெயரும் தகப்பன் பெயரும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே எழுத்தெழுத்தாகப் பாருங்கள், பிறகு வங்கிக் கணக்கில் பணம் நிற்பது இந்த ஒரு எழுத்தில்தான்.

கூடவே முதல் தகவல் அறிக்கை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அது யாருக்கும் பயம் தராது. ஆளைச் சேர்த்துக் கூட்டிவந்து கட்டிப்போட்டது தெளிவாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 143ஆம் பிரிவும் சேர வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தினால் குறைந்தது பத்து வருடம். பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம்தான் நிஜ வேலை

2016ஆம் ஆண்டு மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில், மீண்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம் என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முழுத்தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது, வழக்கோ இழுக்கும். உடனடி உதவியாக 20,000 ரூபாய் வரை என்று இருந்ததைப் பிறகு 30,000 வரை என்று உயர்த்தினார்கள், அதைத் தாமதமில்லாமல் வாங்கித் தருவதில் உங்கள் சக்தியைப் போடுங்கள். இதற்காக ஒவ்வொரு மாவட்டமும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. பணம் இல்லை என்று சொன்னால் அந்த நிதியைப் பற்றிக் கேளுங்கள்.

நேபாளத்தில் 2000 ஜூலையில் கமையா எனும் பண்ணை அடிமைகளை அரசு ஒரே அறிவிப்பில் விடுவித்தது. விடுதலை வந்தது, நிலம் உடனே வரவில்லை, நிலக்காரர்கள் வெளியே துரத்திய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாலையோரம் குடிசை போட்டுக்கொண்டு கிடந்தன. இங்கேயும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்து. அரிசி இருக்காது, மேஸ்திரி அதே தெருவில் குடியிருப்பார், சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்து "கேஸை வாபஸ் வாங்கிட்டா பழைய பாக்கியை விட்டுடறாராம்" என்று இதமாகப் பேசுவார். அந்த நாட்களில் வாரம் ஒரு தடவையாவது போய் உட்காருங்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வீட்டுமனைப் பட்டா, வங்கிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும், கூடவே போங்கள். பிள்ளைகளை வருட நடுவில் என்றாலும், டி.சி. இல்லாவிட்டாலும், வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. வெளிமாநிலக் குடும்பம் என்றால் சான்றிதழ் நகல்களை அவர்களுடைய மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அங்கே ஒரு தொடர்பு ஆளையும் பிடித்து வையுங்கள்.

ஓரளவு பழகிய பிறகு கண்காணிப்புக் குழுவைப் பற்றி விசாரியுங்கள். மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் தனித்தனியாக இந்தக் குழு இருக்க வேண்டும், அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேரும் சமூகப் பணியாளர் இரண்டு பேரும் இடம்பெற வேண்டும் என்கிறது கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. கடைசியாகக் கூட்டம் எப்போது நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள், பல நேரம் அந்த மனுவே கூட்டத்தை நடத்திவிடும். பிரேசிலில் 1995லிருந்து தொழிலாளர் ஆய்வாளர்களும் போலீசாரும் சேர்ந்த நடமாடும் குழு ஒன்று தலைநகரிலிருந்து நேரே பண்ணைகளுக்குப் போகிறது, உள்ளூர் செல்வாக்கு அதைத் தொட முடிவதில்லை. நமக்கு அப்படி ஒன்று வரும்வரை இந்தக் குழுக்களை உயிரோடு வைப்பதுதான் வழி.

வெளிநாட்டு வேலை பற்றியும் கேட்பீர்கள். 2022லிருந்து தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு, இலங்கை இளைஞர்களை மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைத்தது தெரிந்ததுதான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்கட்டும், பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சூளை வேலைக்குப் போகிற ஊர்களில், மழைக்காலத்தில் முன்பணம் கைமாறும் நேரத்துக்கு முன்பே ஒரு நோட்டு போடுங்கள். யார் போகிறார்கள், எந்த மேஸ்திரி, அவர் போன் எண், எந்தச் சூளை, எவ்வளவு வாங்கினார்கள், பிள்ளைகள் யாரோடு இருக்கிறார்கள். ஊரில் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணிடம் அந்த நோட்டு இருக்கட்டும், மாதம் ஒரு தடவை அவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டு, குடும்பத்தில் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசட்டும். இரண்டு மாதம் யாரும் எடுக்கவில்லை என்றால் நோட்டோடு கோட்டாட்சியரிடம் போகலாம், மனுவில் கேட்கும் விவரம் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கும்.